மூன்றாவது வரிசையில் ஒரு காலி இடம்: கல்லூரி பேண்டும் ஒரு மாணவியும் – நிகழ்வு ஆய்வு

முதலாம் ஆண்டு முடிவதற்குள் படிப்பை நிறுத்திவிடுவாள் என்று துறையில் எல்லோரும் நினைத்திருந்த ஒரு மாணவி இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். அவளைக் கல்லூரியில் பிடித்து வைத்தது கல்லூரியின் பேண்ட் குழு. அது எப்படி நடந்தது, எந்தச் சூழலில் நடந்தது, எல்லோருக்கும் அப்படி நடக்குமா என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் அந்தக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், அவளுக்கு மென்ட்டராகவும் இருக்கிறேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவள் பெயரும் ஊர்ப்பெயரும் கல்லூரியின் பெயரும் இதில் வராது.

பின்னணி

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய மேற்குக் கடற்கரைதான் அவள் ஊர். தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பேர்போனவர்கள். சுறாவைத் தேடிப் போனால் வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பார்கள். அவள் அப்பாவும் அப்படித்தான். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவள். ஊரிலிருந்து நாகர்கோவில் பக்கம் தினமும் பஸ் மாறி வந்து போவது நடக்காத காரியம் என்பதால் விடுதியில் சேர்ந்தாள்.

பணக்கஷ்டத்தைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கல்லூரிக் கட்டணம் கேட்பதும் அதே மாதங்களில்தான். படகு கரையில் கிடக்கும்போது கட்டணத்துக்குக் கெடு வைத்தால் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். கடற்கரைப் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கடனோடுதான் வகுப்புக்குள் நுழைகிறார்கள்.

ஆனால் அவளை உண்மையில் வாட்டியது பணம் இல்லை, பேச்சு. குமரி மாவட்டம் பரப்பில் சின்னது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களோடு தமிழ்நாட்டில் சேர்ந்தது. ஆனாலும் பத்து மைலுக்கு ஒரு பேச்சு உண்டு. ஒரு ஆள் இரண்டு வாக்கியம் பேசிவிட்டால் கிழக்கா மேற்கா, மலையோரமா கடப்புறமா என்று இங்கே கண்டுபிடித்துவிடுவார்கள். பல நேரம் மதமும் சாதியும் கூடத் தெரிந்துவிடும். முதல் மாதத்திலேயே வகுப்பில் அவள் எழுந்து ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறாள். பதில் சரியாக இருந்தும் அவள் சொன்ன விதத்துக்காகப் பின் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. ஆசிரியரும் புன்னகைத்தாராம். அதற்கப்புறம் அந்த வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை.

இன்னொன்றையும் அவளே சொன்னாள், வெகுநாள் கழித்து. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது அவள் சின்னப் பிள்ளை. கல்லூரியில் பேரிடர் என்று எந்தக் கூட்டம் நடந்தாலும், சுற்றுச்சூழல் நாள் வந்தாலும், கடற்கரைப் பிள்ளைகளில் ஒருவரை எழுப்பிப் பேசச் சொல்வார்கள். முதல் பருவத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட மேடைகளில் அவளைப் பேச அழைத்திருக்கிறார்கள். எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு அவள் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. "நான் என்ன பாடம் படிக்கேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ டீச்சர். புயல் அன்னைக்கு எங்க இருந்தேன்னு மட்டும் கேப்பாவ" என்றாள். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த வாக்கியம். இரக்கம் காட்டியவர்களும் சிரித்தவர்களும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். அவளைத் தனியாக ஒரு இடத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

செய்து பார்த்தவை

இரண்டாம் பருவத் தொடக்கத்தில் அவள் வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதற்குக் கீழே போனால் தேர்வெழுதுவதே சிக்கல். விடுதியில் காய்ச்சல் என்று படுத்திருப்பாள், போய்ப் பார்த்தால் காய்ச்சல் இருக்காது. வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை திரும்ப வர மாட்டாள்.

கல்லூரியில் வழக்கமாக என்ன செய்வோமோ அவ்வளவும் செய்தோம். மென்ட்டர் என்ற முறையில் கூப்பிட்டுப் பேசினேன். ஆலோசகரிடம் அனுப்பினோம். நன்றாகப் படிக்கிற மாணவி ஒருத்தியைத் துணைக்கு வைத்தோம். கடற்கரைப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கூட்டமும் நடத்தினோம். ஒவ்வொன்றிலும் அவள் மரியாதையாக வந்து உட்கார்ந்து, "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவற்றையெல்லாம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றிலும் அவள் உதவி பெறுகிறவள், நாங்கள் கொடுக்கிறவர்கள். அந்த ஏற்பாட்டுக்குள் அவளிடமிருந்து யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

பேண்டுக்கு வந்தது

பேண்டில் அவள் சேர்ந்ததற்குக் காரணம் இசை ஆர்வம் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் உண்மை அது இல்லை. விடுதியில் மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து படிக்க வேண்டும். பேண்ட் பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த ஹாலில் உட்காராமல் இருக்க ஒரு வழி கிடைத்தது, பெயர் கொடுத்தாள். கூடவே டீயும் பருப்புவடையும் உண்டு.

பேண்டின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்வரிசைகளில் டிரம்பெட், யூஃபோனியம் போன்ற ஊதுகருவிகள். நடுவில் சைட் டிரம், டெனார் டிரம், பாஸ் டிரம், சிம்பல். அதற்குப் பின்னால் மறுபடியும் ஊதுகருவிகள். எல்லாருக்கும் முன்னால் மேஸ் என்கிற நீளத் தடியோடு டிரம் மேஜர். சொல்லிக்கொடுப்பவர் ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு அவர் 'மாஸ்டர்', அவருக்கு எல்லோரும் 'மக்களே'. கட்டளைகள் என்.சி.சி. போலவே இந்தியில்தான்: சாவ்தான், விஷ்ராம், கதம் தால், தேஸ் சல், தம். வேகநடைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 காலடி, ஒரு காலடிக்கு 30 அங்குலம். அதாவது அரை நொடிக்கு ஒரு கால்.

அவளுக்குக் கிடைத்தது சைட் டிரம். கிடைத்தது என்றால் உடனே கையில் கொடுத்துவிட மாட்டார்கள். பலகையில் பழைய டயர் துண்டை ஆணியடித்து வைத்திருப்பார் மாஸ்டர். முதல் சில வாரங்களுக்கு அதுதான் டிரம். அதில் டாடி–மம்மி அடித்துப் பழக வேண்டும். வலது கையால் இரண்டு, இடது கையால் இரண்டு என்று மாறி மாறி அடித்து, வேகம் கூடக் கூட அடிகள் ஒன்றோடொன்று உருண்டு ஒரே ஓசையாக வர வேண்டும். தோளில் தொங்கும் டிரம் சரிந்து நிற்பதால் இடது கையில் குச்சியை உள்ளங்கை மேலே பார்க்கப் பெருவிரல் இடுக்கில் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி முதலில் யாருக்கும் வராது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோல் உரியும், பிறகு காய்த்துப்போகும். அவளுக்கு வலது கை சீக்கிரம் வந்துவிட்டது, இடது கை வரவில்லை. மாஸ்டர் அவளிடம் ஊரைப் பற்றியோ புயலைப் பற்றியோ எதுவும் கேட்டதில்லை. அவர் கேட்டதெல்லாம் இடது கையைப் பற்றித்தான். "இடது தூங்குது மக்களே, எழுப்பு" என்பார்.

ஒரு விஷயத்தில் அவளுக்கு மற்றவர்களைவிட அனுகூலம் இருந்தது. கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழா என்றால் பேண்ட் செட் இல்லாமல் முடியாது. கொடியேற்றம், தேர்பவனி, கல்யாணம், சில இடங்களில் இறுதி ஊர்வலம் வரைக்கும் பேண்ட் உண்டு. அந்தத் தாளங்கள் அவள் காதில் சின்ன வயதிலிருந்தே ஊறியவை. ஆனால் அவள் ஊரில் டிரம் அடித்தவர்கள் எல்லோரும் பையன்கள். பெண்பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்த்தவர்கள்.

அதனால்தான் வீட்டில் பிரச்சினையும் வந்தது. அவள் அம்மாவுக்குச் செய்தி எட்டியதும் போனில் கேட்ட முதல் கேள்வி, "கல்யாண வீட்டுக்கு பேண்ட் அடிக்கவா உன்னைக் காலேஜுக்கு விட்டது?" அந்தக் கோபத்துக்கு வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. கூலிக்குத் தோல்கருவி அடிக்கிறவர்களைக் கீழாகப் பார்க்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அதைச் சாதியோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அந்த அம்மா தன் பிள்ளை அந்தப் பார்வைக்கு ஆளாகக் கூடாது என்று பயந்தார். கல்லூரி பேண்ட் வேறு, கூலி பேண்ட் வேறு என்று நான் போனில் விளக்கியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கூலிக்கு வாசிப்பதில் எந்தக் கேவலமும் இல்லை. "மாலை நேரத்துல ஆறு மணிக்குள்ள விடுதிக்குத் திரும்பிருவா, பெண்பிள்ளைங்க பத்துக்கு மேல இருக்காங்க, மாஸ்டர் வயசானவர்" என்று மட்டும் சொன்னேன். அரைமனதாகச் சம்மதித்தார்.

காலி இடம்

பேண்டுக்குள் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் சில மாதங்கள் அங்கேயும் ஒதுங்கித்தான் இருந்தாள். உள்தேர்வு மதிப்பெண் வந்தது, மோசம். அதே வாரம் வீட்டில் ஏதோ சண்டை. மறுபடியும் அறையை விட்டு வெளியே வராமல் படுத்துக்கொண்டாள், வகுப்புக்கும் இல்லை பேண்டுக்கும் இல்லை.

அந்த வாரத்தில் ஒரு மாலை நான் மைதானத்தில் நின்று பார்த்தேன். பொதுவாக ஓர் ஆள் வரவில்லை என்றால் வரிசையில் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்வார். மூன்றாவது வரிசையில் இடது ஓரத்தில் அவள் இடம். டெனார் டிரம் பையன் அனிச்சையாக அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தான். மாஸ்டர் விசிலை ஊதி நிறுத்தினார். "அது அவளுக்க இடம். நீ உனக்க இடத்துல நில்லு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பேண்ட் அந்த ஓட்டையோடு நடந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். கவுண்டர் மார்ச் பார்த்தவர்களுக்குப் புரியும். மைதானத்தின் எல்லைக்கு வந்ததும் முன்வரிசை அப்படியே திரும்பி, பின்னால் வருகிறவர்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிக்குள் புகுந்து எதிர்த்திசையில் நடக்கும். எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் உரசாத குறையாகக் கடந்துபோவார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பக்கத்தில் இருப்பவரைக் கடைக்கண்ணால் பார்த்துத்தான் வரிசையைக் காப்பாற்ற முடியும். ஓர் இடம் காலி என்றால் பக்கத்து ஆளுக்கு அளவெடுக்க ஆள் இல்லை, அவர் தடுமாறுவார், அவரைப் பார்த்து அடுத்தவர் தடுமாறுவார். அன்று மாலை மூன்றாவது வரிசை திரும்பும்போதெல்லாம் வளைந்தது. மாஸ்டர் அதைத் திருத்தவே இல்லை, மறுபடி மறுபடி நடக்கவிட்டார்.

சிம்பல் வாசிக்கும் பெண் விடுதியில் அவளுக்குப் பக்கத்து அறை. இரவில் போய்ச் சொல்லியிருக்கிறாள்: "ஒனக்க இடத்த அப்பிடியே விட்டுட்டு நடந்தோம். லைன் பூரா கோணிப் போச்சு. பாக்கவே சங்கடமா இருந்து." மறுநாள் மாலை அவள் மைதானத்துக்கு வந்தாள். எங்கே போனாய், ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்டர் குச்சி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

இதைப் பற்றி அப்புறம் அவளோடு பேசினேன். "கிளாஸ்ல நான் இல்லேன்னா அட்டெண்டன்ஸ்ல ஒரு கோடு விழும், அவ்வளவுதான். இங்க நான் இல்லேன்னா மூணாவது லைன் வளஞ்சு போவும்" என்றாள்.

என் வாசிப்பு

1995இல் பாமைஸ்டர், லியரி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கட்டுரையில் சொன்னதை ஆலோசனைப் பயிற்சிகளில் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பது மனிதருக்குப் பசி போல அடிப்படைத் தேவை. அது நிறைவேற இரண்டு வேண்டும்: அடிக்கடி சந்தித்துப் பழகுவது, அந்தப் பழக்கம் நிலைத்து நீடிக்கும் என்ற உறுதியும் பரஸ்பர அக்கறையும். எங்கள் வரவேற்பு விழாக்களிலும் ஆலோசனைக் கூட்டங்களிலும் அக்கறைக்குக் குறைவில்லை. ஆனால் அவை எப்போதாவது நடப்பவை. பேண்ட் வாரத்தில் பெரும்பாலான நாட்கள், ஒரே ஆட்களோடு, ஒரே இடத்தில். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பக்கத்தில் நிற்கும் அதே ஆளோடுதான் கால் சேர வேண்டும்.

கால் சேர்வதற்கே தனியாக ஒரு பலன் இருக்கிறது போலும். வில்டர்முத், ஹீத் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைச் சிறு குழுக்களாக நடக்கவிட்டார்கள். சில குழுக்கள் கால் சேர்த்து நடந்தன, சில குழுக்கள் இயல்பாக நடந்தன. பிறகு ஒரு விளையாட்டில் கால் சேர்த்து நடந்தவர்கள் ஒருவரோடொருவர் அதிகம் ஒத்துழைத்தார்கள். வில்லியம் மெக்நீல் என்ற வரலாற்றாளரும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு மைதானத்தில் மணிக்கணக்கில் அணிநடை பழகியபோது, காரணமே தெரியாமல் உடம்பில் ஒரு நிறைவு பரவியதைப் பிற்காலத்தில் எழுதினார். எங்கள் பிள்ளைகளிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், வேறு வார்த்தைகளில்.

ஆனால் கால் சேர்வது மட்டும் போதாது என்பது என் கருத்து. போதும் என்றால் காலை இறைவணக்கத்துக்கு வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் அந்த உணர்வு வந்திருக்க வேண்டுமே. இந்த மாணவியின் விஷயத்தில் வேலை செய்தது அவள் இல்லாமல் வரிசை கெட்டது, அது கண்ணுக்குத் தெரிந்தது, அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. இந்த மூன்றில் கடைசியானது மாஸ்டரின் முடிவு. அவர் வேறு மாதிரி செய்திருந்தால், அடுத்த ஆளை நகர்த்தி அடைத்திருந்தால், இந்த ஆய்வை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

வகுப்பில் இதன் விளைவு தாமதமாகத்தான் தெரிந்தது. அவள் இயற்பியல் மாணவி. பேண்டில் மாஸ்டர் ஓயாமல் கத்துவது ஒன்று உண்டு: "காதை நம்பாத, கண்ணை நம்பு. மேஸைப் பாரு." ஏன் காதை நம்பக் கூடாது என்று அவளுக்குக் கேள்வி. தானே கணக்குப் போட்டிருக்கிறாள். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே 20 மீட்டர் என்றால், முன்னால் எழும் ஓசை பின்னால் சேர ஏறக்குறைய 0.06 நொடி. கால் ஒவ்வோர் அரை நொடிக்கும் விழுகிறது. காதில் கேட்டு அடித்தால் ஓர் அடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிந்திவிடும். அந்தப் பிந்திய ஓசை முன்னால் திரும்பிப் போகும்போது பிசகு இரட்டிப்பாகும். தடியின் அசைவைப் பார்த்து அடித்தால் எல்லோரும் ஒரே கணத்தில் அடிக்கலாம், ஒளிக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. இதையே துறைக் கருத்தரங்கில் பேசினாள், அதே கடப்புறத்துப் பேச்சில். பின் பெஞ்சில் ஒருவன் சிரிக்கத்தான் செய்தான். அவன் முடிக்கும் வரை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மைதானத்தில் எண்ணிக்கை சொல்லிக் கத்திப் பழகிய குரல் அது.

சரியாகாதவற்றையும் சொல்ல வேண்டும். துணைப்பாடக் கணக்கில் அவளுக்கு இன்னும் அரியர் இருக்கிறது. வகுப்புத் தோழிகள் என்று சொல்ல ஓரிருவர்தான். அவள் அம்மா ஆண்டு விளையாட்டு விழாவுக்கு வந்தார், அணிநடை முடியும் வரை பந்தலில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் சொன்னது, "வெயில்ல கறுத்துப் போச்சு பிள்ளை." பேண்ட் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

பேண்ட் எல்லோருக்கும் பொருந்துமா

அதே ஆண்டில் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பையன் டிரம்பெட் வாசிக்கச் சேர்ந்தான். நல்ல மூச்சு, சுருதி சுத்தம். அப்போது வாரத்தில் சில நாட்கள் காலைப் பயிற்சி இருந்தது. அவன் வீட்டில் ரப்பர் தோட்டம், சொந்தம் இல்லை, பால் வெட்டுக்கு எடுத்தது. விடியுமுன் மரப்பட்டையைக் கீறி, பால் எடுத்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் பஸ் ஏறுவான். சில வாரங்கள் ஓடிப் பார்த்தான், பிறகு நின்றுவிட்டான். அவனுக்கும் இடம் காலியாகத்தான் விடப்பட்டது. ஆனால் அவனுக்கு அது அழைப்பாகத் தெரியவில்லை, குற்றம் சாட்டுவது போலத் தெரிந்திருக்கிறது. வர முடியாத ஒருவனுக்கு 'நீ இல்லாமல் வரிசை கெடுகிறது' என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? அவன் விலகியதில் தப்பே இல்லை. பிறகு காலைப் பயிற்சி மாலைக்கு மாற்றப்பட்டது. அவன் திரும்பி வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை மூடிவைக்கக் கூடாது. மார்ச்சிங் பேண்டைப் பல்கலைக்கழக வாழ்க்கையின் நடுநாயகமாக வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். பர்டூ பல்கலைக்கழகத்தின் பேண்ட் 1886இல் மாணவர்களின் ராணுவப் பயிற்சிக்கு டிரம் அடிக்கத் தொடங்கிய சின்னக் குழு. எங்கள் ஊர்க் கல்லூரி பேண்டுகள் என்.சி.சி.யோடு ஒட்டி வளர்ந்ததை நினைத்தால் வேர் ஒன்றுதான். அங்கே பெரிய பல்கலைக்கழக பேண்டுகள் பலவற்றில் 1970களின் தொடக்கம் வரை பெண்களுக்கு இடமே இல்லை. புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பேண்டில் 2011 நவம்பரில் டிரம் மேஜர் ஒருவரை, பேருந்துக்குள் வைத்து, குழுவில் ஒருவனாக ஏற்கும் சடங்கு என்ற பெயரில் சக மாணவர்களே அடித்ததில் அவர் இறந்துபோனார். பேண்ட் ஒன்றரை ஆண்டுக்கு மேல் நிறுத்திவைக்கப்பட்டது. 'நம்ம ஆள்' என்ற உணர்வு எவ்வளவு பலமானதோ, அதைக் காட்டி ஒருவரை வதைப்பதும் அவ்வளவு எளிது. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது, அதற்கு முந்தைய ஆண்டு ஒரு மருத்துவ மாணவர் கொலையான பிறகு.

எங்கள் பேண்டில் அடி உதை கிடையாது. ஆனால் முதலாண்டுப் பிள்ளைகள்தான் எல்லாக் கருவிகளையும் ஸ்டோரிலிருந்து சுமந்து வர வேண்டும், பித்தளையைத் துடைக்க வேண்டும், சீனியர்கள் கைவீசி நடந்து வருவார்கள் என்றொரு வழக்கம் இருந்தது. பாஸ் டிரம்மைத் தனியாகத் தூக்கி வந்து தோள் வீங்கிப்போன பெண் ஒருத்தியைப் பார்த்த பிறகு மாஸ்டர் முறைவைத்து எல்லோரையும் சுமக்கச் செய்தார். முதல் வாரம் அவரே பாஸ் டிரம்மைச் சுமந்தார். மூன்றாமாண்டுப் பையன்கள் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை.

உடை விஷயமும் இப்படித்தான். வெள்ளைக் கால்சட்டை, சிவப்புக் கோட்டு, தொப்பி, தொப்பிக்குக் குஞ்சம், கணுக்காலுக்கு வெள்ளைப்பட்டை. எல்லாம் சொந்தக் காசில் தைக்க வேண்டும் என்றால் தடைக்காலத்தில் கட்டணம் கட்டிய பிள்ளைக்கு முடியுமா? எங்கள் கல்லூரியில் கோட்டுகள் கல்லூரிக்குச் சொந்தம், ஒருவர் போட்டு அடுத்தவருக்குப் போகும். அவளுக்குக் கிடைத்த கோட்டின் கழுத்துப்பட்டிக்கு உள்ளே மையில் முந்தைய ஆட்களின் பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. கடைசிப் பெயருக்குக் கீழே அவள் தன் பெயரை எழுதிக்கொண்டாள். பழைய கோட்டு வேண்டாம் என்று முகம் சுளிக்கிற பிள்ளைகளும் உண்டு, அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

இப்போதைய நிலை

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த சைட் டிரம் பிள்ளைகளுக்கு டயர் பலகையில் சொல்லிக்கொடுப்பது அவள்தான். வரிசையில் ஆள் குறைந்தால் இடத்தை விட்டுவைக்கும் பழக்கம் இப்போது பேண்டில் எழுதாத விதியாகிவிட்டது. அதோடு அவள் ஒன்றைச் சேர்த்திருக்கிறாள்: யாராவது தொடர்ந்து வரவில்லை என்றால் முதலில் வர முடியுமா என்று விசாரிப்பது. முடியாது என்றால் இடத்தை மூடிவிட்டு அந்த ஆளிடம் அதை நேரில் சொல்லிவிடுவது. ரப்பர் பால் வெட்டும் பையன் விஷயத்தை அவள் மறக்கவில்லை.

கல்லூரி நிர்வாகத்திடம் இரண்டு கோரிக்கைகள் வைத்திருக்கிறேன். விடுதியில் இல்லாத பிள்ளைகள், மேற்குப் பக்கம் போகிறவர்கள், பயிற்சி முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். அவர்களுக்காகப் பயிற்சியை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்க வேண்டும், அதற்குக் கடைசிப் பாடவேளையைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். இரண்டாவது, கடற்கரைப் பிள்ளைகளின் கட்டணத்துக்குத் தடைக்காலம் முடிந்த பிறகு கெடு வைக்க வேண்டும். முதல் கோரிக்கைக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். இரண்டாவதுக்கு இன்னும் பதில் வரவில்லை, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டிரம் மேஜர் தேர்வுக்கு அவளும் பெயர் கொடுத்திருக்கிறாள். இதுவரை அந்தத் தடியைப் பிடித்தவர்கள் எல்லோரும் பையன்கள். அவள் உயரம் போதாது, பின்வரிசைக்குத் தடி தெரியாது என்கிறார் மாஸ்டர். கண்ணை நம்பித்தான் பேண்ட் நடக்கிறது என்பதால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தடியை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கினால் கடைசி வரிசைக்குத் தெரியும் என்று அளந்து, படம் போட்டு, அவரிடம் கொடுத்திருக்கிறாள். மாஸ்டர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மைதானத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வருகிற வாரம் பார்க்கப்போகிறார்கள்.